தங்கச்சியா, கடைக்காரியா?

மார்ச் 4, செவ்வாய்

கடையின் பின்னறையிலிருந்த அட்டைப்பெட்டிகளை எல்லாம் அப்புறப்படுத்தினேன். இரண்டு நாற்காலி, ஒரு மேசை, வாசலுக்கு ஒரு திரை. எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரையை இனி எங்களைப் போன்ற மருந்துக்கடைகளிலேயே இளம்பெண்களுக்குக் கொடுக்கலாம். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பரிசோதித்த பிறகு. பயிற்சியும் முடித்தாயிற்று. அக்காவிடம் சொன்னால், "உனக்கு எதுக்குடி இந்த வேலை? இருமல் மருந்து வித்தாப் போதாதா?" என்கிறாள்.

மார்ச் 12, புதன்

ஒருத்தியும் வரவில்லை. கண்ணாடியில் ஒட்டிய அறிவிப்பைப் படிக்கிறார்கள். சட்டென்று தைலம் கேட்கிறார்கள். இந்தத் தெருவில் இத்தனை பேருக்கா தலைவலி!

மார்ச் 21, வெள்ளி

முதல் ஆள் வந்துவிட்டாள். துணிக்கடையில் வேலை பார்க்கிறவள். கணவர் லாரி ஓட்டுநர், பாதி நாள் வெளியூரில். "அவர்கிட்ட கேக்கவும் பயமா இருக்கு, கேக்காம இருக்கவும் பயமா இருக்கு" என்றாள். முடிவு தெரியும்வரை என் கையை விடவில்லை. இல்லை என்று வந்ததும் முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள். "ஆஸ்பத்திரி வரிசையில நின்னா ஊரே பாக்கும். இங்க வந்தா சளிக்கு மருந்து வாங்கினேன்னு சொல்லிக்கலாம்."

ஏப்ரல் 9, புதன்

வாலு வந்திருந்தாள். அக்கா மகள். இருபத்து மூன்று வயதாகியும் எங்களுக்கு அவள் வாலுதான். "சித்தி, அந்த ரூமுக்குள்ள வரலாமா?" என்றாள். திரையை விலக்கிப் பிடித்தேன்.

லிஃப்ட் மெக்கானிக் ஒருவரைக் காதலிக்கிறாளாம். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்களாம். அவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. "என் கையப் பிடிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாரு சித்தி. சொல்லும்போது என் முகத்தையே பாக்கல. லிஃப்ட் பட்டனையே பாத்துட்டு நின்னாரு." அவர் இப்போதுதான் சிகிச்சை தொடங்கியிருக்கிறார். அவர் உடம்பில் கிருமி அடங்கும்வரை இவளுக்குத் தினம் ஒரு மாத்திரை வேண்டும்.

விரலில் குத்த எடுத்த ஊசியைக் கீழே போட்டுவிட்டு வேறொன்று எடுத்தேன். "இதுக்கா படிச்சீங்க?" என்று கேலி வேறு. இவளுக்கு இல்லை. அப்பாடா.

கிளம்பும்போது, "அம்மாகிட்ட..." என்று இழுத்தாள். "இந்தத் திரைக்குள்ள நான் உன் சித்தி இல்ல" என்றேன். சொன்னேனே தவிர, அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டது சித்தியேதான்.

ஏப்ரல் 10, வியாழன்

ஒருநாள்கூட விடக் கூடாது என்று சொன்னேனா? சொன்னேன். முதல் சில நாள் குமட்டலாம் என்று? அதையும் சொன்னேன். பின்னே ஏன் இந்தப் பதைப்பு?

மே 2, வெள்ளி

கடை நிறைய ஆட்கள். அக்கா வாலுவின் மாத்திரை டப்பாவை என் முன்னால் வைத்தாள். "செல்போன்ல தேடிப் பாத்துட்டேன். என் பொண்ணுக்கு என்னடி?"

பின்னறைக்கு அழைத்துப்போனேன். அந்த மாத்திரை எதற்கு என்று யார் கேட்டாலும் சொல்வேன், அவளுக்கும் சொன்னேன். "இது நோய்க்கு இல்லக்கா. நோய் வராம இருக்கறதுக்கு."

"அவ எதுக்கு இதச் சாப்பிடணும்? யாரு அவன்?"

"அத அவதான் சொல்லணும்."

"நீ என் தங்கச்சியா, கடைக்காரியா?"

அம்மா போனதுக்கப்புறம் எனக்குத் தலை வாரி விட்டவ அவ. அவ அழறா, நான் கல்லு மாதிரி நிக்கறேன் — நல்லாவா இருக்கு இது? செஞ்சது சரிதான். சரியானதச் செஞ்சா இவ்வளவு வலிக்குமா?

மே 3, சனி

அக்கா போனை எடுக்கவில்லை.

மே 11, ஞாயிறு

"நானே வந்து சொல்றேன்" என்று லிஃப்ட் மெக்கானிக் அக்கா வீட்டுக்கே போய்விட்டாராம். எல்லாவற்றையும் நேராகச் சொன்னாராம். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம். பாவம், உட்காரச் சொல்லக்கூட ஆளில்லாமல் அவர் கூடத்தில் நின்றுகொண்டே இருந்தாராம். வாலு போனில் விக்கி விக்கி அழுதாள்.

மே 20, செவ்வாய்

அக்கா வந்தாள். நேராகப் பின்னறைக்குப் போய் உட்கார்ந்தாள்.

"அந்த ஆள் குடிச்ச டம்ளர்ல குடிச்சா வருமா?"

"வராதுக்கா."

"கூட உட்காந்து சாப்பிட்டா?"

"வராது."

"குழந்தை?"

"நல்லபடியா பிறக்கும். அவர் மருந்து விடாம சாப்பிடணும், அவ்வளவுதான்."

திரையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். "உன்கிட்ட வந்தா. என்கிட்ட வரலையே."

"நீ உடைஞ்சு போயிடுவேன்னு பயந்திருக்கா."

"உடைஞ்சுதான் போனேன்" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அப்புறம் என் நெற்றியில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுப் போனாள்.

ஜூன் 1, ஞாயிறு

மத்தியானம் அக்கா போன் செய்தாள். குரலில் ஒரே அவசரம்.

"ஏண்டி, மாப்பிள்ளை மாத்திரை போடறது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா? எப்ப வேணா போடலாம்னு சொல்றாரு. மரியாதைக்குச் சொல்றாரோன்னு எனக்குச் சந்தேகம்."

"அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா."

"அப்ப சாப்பாடு போட்டுடறேன்."

போனை வைக்க மறந்துவிட்டாள். தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. "தள்ளி ஏன் உட்காந்திருக்கீங்க? இப்படி வாங்க" என்றாள். வாலு சிரித்தாள். நானும் போனை வைக்கவில்லை.