அடுக்களைத் தரையில் ஒரு கோலம்

1957 ஐப்பசி, திங்கள் இரவு.

பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிற நான் நாளைக்குச் சித்திர வகுப்பு எடுக்க வேண்டும். டீச்சர் பிரசவத்துக்குக் கொல்லங்கோட்டுக்குப் போய்விட்டார். "ஒண்ணாங்கிளாஸ்தானுங்க, சுளுவா ஏதாச்சும் வரையச் சொல்லிப்போட்டு உக்காந்துக்குங்க" என்றார் ஹெட்மாஸ்டர்.

எனக்கு வரையத் தெரிந்தது கோலம் மட்டும்தான். சிலேட்டில் எத்தனை புள்ளி வைத்தால் பிள்ளைகளுக்குச் சுலபமாக இருக்கும் என்று பார்க்க, சாயங்காலம் அடுக்களைத் தரையில் போட்டுப் பார்த்தேன்.

அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்த பக்கத்து வீட்டு மாராத்தாள் கண்டுவிட்டாள்.

"ஏனுங்க்கா, உங்க ஊட்டுக்காரரு போயி வருசம் திரும்பல, அதுக்குள்ள ஊட்டுல கோலமா?"

"நாளைக்குப் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கோணும் மாராத்தா."

"டீச்சரம்மா ஆயிட்டீங்களாக்கும்! எலையை வெச்சுச் சுத்தி வரையச் சொல்லுங்க, போதும்."

சொல்லிக்கொண்டே ஈரத்துணியை எடுத்து அவளே துடைத்தாள். அவருடைய காரியம் முடிந்த பிறகு இந்த அடுக்களைக்குள் வந்த முதல் ஆள் அவள். மெதுவாகவே துடைக்கட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவளோ சீக்கிரம் முடித்துவிட்டு, நெருப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் சொன்னதுபோல் இலையே வரையச் சொல்லலாம். வேலியில் பூவரசு நிறைய இருக்கிறது. பறிக்க நான் ஒருத்தி போதும். ஆனாலும் விடிந்ததும் அவளைக் கூப்பிடப் போகிறேன்.