மூன்று வீட்டிலும் மூன்று பதில்

என் கண்ணான அக்காவுக்கு,

முந்தாநாள் மத்தியானத்திலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. பட்டன் தைக்கக் கொடுத்த சட்டைகள் கட்டுப் பிரிக்காமல் மூலையில் கிடக்கின்றன. யாரிடமாவது சொன்னால்தான் ஆறும். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? ஓரகத்திகள் என்றால் கீரியும் பாம்பும் என்பார்கள். இந்தப் பம்பாய்ச் சந்தில் எதிரெதிர் வாசலில் பத்து வருஷம் இருந்து அந்தப் பேச்சைப் பொய்யாக்கியவர்கள் நாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் மகள் பவி நன்றாக இருக்கிறாள். என் பக்கத்தில் உட்கார்ந்து கலர் பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். இல்லையென்றால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்று தெரியவில்லை.

நீ போன அன்று அவளைக் காட்கோபரில் என் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். நாலு வயசுப் பிள்ளை அதையெல்லாம் பார்க்க வேண்டாம் என்றார்கள் பெரியவர்கள். பதினாறாம் நாள் விசேஷமெல்லாம் முடிந்து திரும்பி வந்தவள், "அம்மா எங்க?" என்று கேட்டாள். மூன்று நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய் என்பதை நாங்களே நம்பவில்லை, அவளிடம் என்ன சொல்ல?

ஆளுக்கு ஒன்று சொன்னோம். உன் வீட்டுக்காரர், எங்கள் அத்தான், அம்மா சாமிகிட்ட போயிருக்கிறாள் என்றார். பின்சந்தில் இருக்கும் நம் நாத்தனார் மல்லிகா, அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்றாள். நான், அம்மா ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் படுத்திருக்கிறாள், சீக்கிரம் வந்துவிடுவாள் என்றேன். மூன்று பேரும் கூடிப் பேசி ஒரே பொய்யாகச் சொல்லவேண்டும் என்றுகூட எங்களுக்குத் தோன்றவில்லை. அவ்வளவு பெரிய புத்திசாலிகள்.

மூன்று அடுப்பு எரிகிற குடும்பத்தில் பிள்ளையை யார் தேடுகிறார்கள்? இங்கே இல்லையென்றால் அங்கே. எந்த வீட்டில் மீன் பொரிகிற வாசம் வருகிறதோ அந்த வீட்டில் ஐந்து பிள்ளைகளும் தட்டோடு உட்கார்ந்திருக்கும். உன் மகள் ஒருவேளை என் வீட்டில், ஒருவேளை மல்லிகா வீட்டில் என்று ஏழு மாசமாகத் தின்று வளர்கிறாள். தாயில்லாக் குறை தெரியாமல் வளர்க்கிறோம் என்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நான் பீற்றிக்கொண்டது உனக்குக் கேட்டிருக்குமா?

முந்தாநாள் பள்ளிக்கூடம் லீவு. பதினொரு மணிக்குப் பவி மல்லிகா வீட்டுக்குப் போய், "அத்தே, சித்தி டப்பால சோறு வாங்கிட்டு வரச் சொன்னாவ" என்றிருக்கிறாள். நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்குள் குழம்பும் கறியும் போய் வருவது புதுசா? மல்லிகாவும் சோறு வைத்து, குழம்பு ஊற்றி, பொரித்த மீன் ஒன்றும் வைத்து, டப்பாவை இறுக்க மூடிக் கொடுத்துவிட்டாள். ஒரு மணிக்கு என் மகன் பவி எங்கே என்று கேட்டான். நான் தைக்கிற துணியிலிருந்து தலையைத் தூக்காமல், "அத்த வீட்டுல தின்னுக்கிட்டு இருப்பா" என்றேன்.

இரண்டரை மணிக்கு மல்லிகா என் வாசலில் வந்து நின்றாள்.

"மதினி, டப்பாவத் தாங்க. எங்க வீட்டு இவியளுக்கு டூட்டிக்குக் குடுத்து விடணும்."

"எந்த டப்பா?"

"பவிகிட்ட குடுத்து விட்டேன்லா, காலைல."

"பவி உங்க வீட்டுலல்லா இருக்கா?"

"இல்லயே மதினி. அவ அப்பவே இங்கன வந்துட்டாளே."

பிள்ளை போய் மூன்றரை மணி நேரம். தேட வேண்டும் என்று தெரிந்த ஆள் ஒருத்தர்கூட இல்லை.

செருப்பில்லாமல் ஓடினேன். ரேஷன் கடை, தண்ணி டாங்கி, மசூதிச் சந்து எல்லாம் பார்த்தாயிற்று. தோல்பட்டறை பாய் மெஷினை நிறுத்திவிட்டு வேலையாட்களை ஸ்டேஷன் பக்கம் விரட்டினார். "என்னம்மா, இவ்வளவு லேட்டா சொல்லுதிய?" என்று கேட்டார்.

அப்போதுதான் வேலைக்குப் போன வாஷி மார்க்கெட்டிலிருந்து அத்தானின் போன். "செல்வி, பவிக்கு என்ன? ஆஸ்பத்திரில இருந்து பேசுதாங்க. எங்கிட்ட ஏன் யாருமே சொல்லல?" பவி பள்ளிக்கூட ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அதில் அவர் நம்பர். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். உன்னை வைத்திருந்த அதே ஆஸ்பத்திரி என்றார்.

அங்கே ஓபிடியில், சீட்டு எழுதுகிற இடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் டப்பா. என்னைக் கண்டதும் அழவில்லை, கோபப்பட்டாள். "சித்தி, அம்மா எந்த வார்டுன்னு கேட்டா இவங்க சொல்லவே மாட்டுக்காங்க."

எப்படி வந்தாய், ஏன் வந்தாய் என்று உலுக்கினேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். "அப்பா சாமிகிட்டங்காவ. சாமி வீடு எனக்குத் தெரியாது. அத்த ஊருங்கா. ஊருக்கு ரயில்ல போணும். ஆஸ்பத்திரிக்கு எனக்கு வழி தெரியும்லா."

சளி மருந்து வாங்க நீ கைப்பிடித்துக் கூட்டிப்போன வழி. பஸ்ஸும் டெம்போவும் முட்டி மோதுகிற அந்த ரோட்டை உன் பிள்ளை சோற்று டப்பாவோடு தனியாகத் தாண்டியிருக்கிறாள். மூன்று பொய்யில் கால்நடையாகப் போகக்கூடியது ஒன்றுதான். அது நான் சொன்ன பொய். ஒரு டெம்போக்காரன் பிரேக் போடத் தவறியிருந்தால் உன் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

வெளியே மருந்துக்கடைப் படியில் அவளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். "பவி, அம்மா இங்க இல்ல. ஊர்லயும் இல்ல. அம்மா செத்துப் போயிட்டா. இனிமே வரமாட்டா." அந்த வார்த்தையை ஏழு மாசத்தில் அன்றுதான் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

அவள் டப்பாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப மல்லிகா அத்தைக்கு இது தெரியாதா?"

"ஏன் கேக்க?"

"அம்மா ஊர்லதான் இருக்கான்னு அத்த நெனச்சுக்கிட்டு இருக்கா. நீங்க சொல்லிராதிய சித்தி. பாவம், அழுவா."

மருந்துக்கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். சந்துக்குத் திரும்பியதும் மல்லிகா ஓடிவந்து பவியைத் தூக்கி இறுக்கிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாகப் பவி என்னைப் பார்த்து, வேண்டாம் சொல்லாதே என்று தலையை ஆட்டினாள்.

அக்கா, ஐந்து வயசு ஆகாத பிள்ளைக்கு, உண்மையை மறைக்கிற இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தது நாங்கள்தான். உனக்கு வாக்குத் தருகிறேன். இனி எந்த வீட்டு வாசலில் நின்று கேட்டாலும் அவளுக்கு உண்மைதான் பதிலாக வரும். எங்களுக்கு அழுகை வந்தால் அவள் முன்னாலேயே அழுவோம்.

உன் மகளுக்குச் சித்தி, உனக்குக் கூடப்பிறக்காத தங்கை,
செல்வி