1994-இன் ஒன்பது துளைகள்

மார்ச் 4

"டீச்சர், நாம இன்னிக்கு ஏரிக்குப் போகவே இல்லையே, நோட்டுல என்ன எழுதுறீங்க?"

1994 ஜனவரியில் என் வகுப்பு யென்னி கேட்டது. ஒன்பது வயது. "நீ உன் கணக்கைப் போடு" என்றேன்.

மாதம் மூன்று முறை பிள்ளைகளோடு ஏரியில் துளையிட்டுப் பனிக்கட்டியின் தடிமனை அளந்து எழுதுவது எங்கள் பள்ளியின் வேலை. நோட்டுகள் பல்கலைக்கழகத்துக்குப் போகும். அன்று மைனஸ் இருபத்தொன்பது. போகவில்லை. அடுத்த முறையும். அந்தக் குளிர்காலம் முழுக்க ஒன்பது எண்களை ஆசிரியர் அறையில், காபி குடித்துக்கொண்டே எழுதினேன்.

இன்று, அறுபத்தொன்பது வயதில் அதே பல்கலைக்கழகத்துக்கு மாணவியாக வந்த இடத்தில், அந்த எண்கள் என் கைக்கே வந்துவிட்டன. உடன் படிக்கும் ஆர்ட்டுவின் முதுகலை ஆய்வேடு எங்கள் ஏரியைப் பற்றியது. கருத்தரங்கில் அதைக் கேள்வி கேட்டுத் துருவ வேண்டிய எதிராய்வாளர் நான்.

மார்ச் 6

வியாழக்கிழமை, பல்கலைக்கழக உணவகத்தில் வழக்கமான பட்டாணி சூப். ஆர்ட்டு தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தான்.

"ஹில்க்கா, மத்த வருஷமெல்லாம் எண்ணு குதிச்சுக் குதிச்சு ஓடுது. 94 மட்டும் படிக்கட்டு மாதிரி ஏறுது. என்ன அழகு! எழுதுன டீச்சர் யாரோ, அவங்களுக்குக் கோயிலே கட்டலாம்."

சூப் ஆறும்வரை அதில் போட்ட கடுகு விழுதைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 7

சொல்லவில்லை.

மார்ச் 13

கருத்தரங்கு. மேற்கோள்களைக் கேட்டேன், வரைபடங்களைக் கேட்டேன். 94-ஐக் கேட்கவில்லை. "பொறுப்பான எதிராய்வாளர்" என்று பேராசிரியர் மார்கெட்டா எல்லோர் முன்னாலும் பாராட்டினார். கைதட்டினார்கள். நானும் — ஐயோ — சிரித்தேன்.

வகுப்பில் உதாரணம் சொல்வேன்: தெர்மாமீட்டரைப் பார்க்காமலே காய்ச்சல் எவ்வளவு என்று எழுதிவைத்தால், டாக்டர் யாருக்கு மருந்து கொடுப்பார்? முப்பத்தாறு வருடம் சொன்னேன். எந்த வாயால் சொன்னேன்?

மார்ச் 14

சொல்லிவிட்டேன். நூலகப் படியில், கோட்டைக்கூடக் கழற்றாமல்.

முதலில் சிரித்தான். பிறகு முகம் வெளுத்துவிட்டது.

"அந்த ஒன்பது எண்ணு மேலதான் என் மூணாவது அத்தியாயமே நிக்குது! நேத்து ஏன் வாயைத் திறக்கல?"

"வெட்கமா இருந்துச்சு."

"ரெண்டு வாரத்துல நான் ஆய்வேட்டைக் கொடுக்கணும். உங்க வெட்கத்தை எந்தக் கட்டத்துல போடறது?"

என்ன காரணம் சொல்வேன்? குளிர். அவ்வளவுதான். வேறு தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

மாலையில் மார்கெட்டாவிடமும் போய்ச் சொன்னேன். திட்டவில்லை. "எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, நோட்டோட சேர்த்து வைக்கணும்" என்றார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 17

எழுதிக் கொடுத்தேன். நான்கு வரி. நான்கு முறை கிழித்தபின்.

மார்ச் 29

ஆர்ட்டு மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தி எழுதி நேற்றுக் கொடுத்துவிட்டான். பனிக்கட்டியின் தடிமனில் அவன் கண்டதாக நினைத்த பெரிய மாற்றம் பாதியாகச் சுருங்கிவிட்டது. அட்டவணையில் 94-க்கு எதிரே ஒன்பது வெற்றுக் கட்டங்கள். அடிக்குறிப்பில் என் பெயர்.

இன்று காலை அவனே போன் செய்து ஏரிக்குக் கூப்பிட்டான். துளைக்கருவியை நான் பிடித்துக்கொண்டேன், அவன் சுற்றினான். குனிந்து அளவுகோலைப் படித்தேன்.

"முப்பத்தொண்ணு சென்டிமீட்டர்."

"முப்பதுன்னு அழகா எழுதிடாதீங்க டீச்சர்" என்றான். முதல் முறையாக டீச்சர் என்றான். சிரித்தானா என்று பார்க்கத் தைரியம் வரவில்லை.

இந்த நாட்குறிப்பை என்றாவது யாராவது புரட்டினால்: போகாத நாளின் கட்டத்தை ஒரு முறை காலியாக விட்டுப் பாருங்கள்.