சுவரைப் பிடிக்கிறவர்

அப்பா,

சூப்பை அடுப்பில் மூடி வைத்திருக்கிறேன். குடிப்பதற்கு முன் பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். அளவைப் போனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும்.

‘எழுந்ததும் சுவரைப் பிடிக்கிறார், கேட்டால், சுவர் விழாமல் பிடிக்கிறேன் என்கிறார்.’ போனில் குறிப்பு எழுதும் கட்டத்தில் நான் இப்படி எழுதியதைப் பார்த்து, “என் மானத்தை வாங்கிட்டியே!” என்று நேற்று கத்தினீர்கள். யாரும் படிக்கமாட்டார்கள் என்று நினைத்துத்தான் எழுதினேன். நர்ஸ் அக்கா படித்திருக்கிறார்! காலையில் போனில் கூப்பிட்டு, “அதைப் பாத்துதான், தலை சுத்துதுன்னு புரிஞ்சு டாக்டர் பிரஷர் மாத்திரையைக் குறைச்சார். நீ ஸ்கூலைப் பாதியில விட்டிருந்தா என்னடி? இங்க வந்து மத்த நோயாளிங்க வீட்டுக்காரங்களுக்கும் இப்படிக் குறிப்பு எழுதச் சொல்லிக்கொடு” என்றார். போகிறேன், அப்பா!

இன்றிலிருந்து பாதி மாத்திரைதான்.

பி.கு.: உங்களை எழுப்பியிருந்தால், “கூட வரட்டுமா?” என்பீர்கள். நானும் சரி என்றிருப்பேன். அதனால்தான் இந்தச் சீட்டு.