தம்பிக்குப் பார்த்த அம்ப்ளிஃபையர்

மார்ச் 12, செவ்வாய்

வெக்கை. காற்று அசையவில்லை. கொழும்பு காலி வீதியில் மறுபடியும் இராணுவச் சோதனை. அலுவலகத்துக்குப் பிந்திப் போனேன். பல் வைத்தியர்: அடுத்த வாரம்.

மாலை தம்பி நந்தன் ரொறன்ரோவிலிருந்து பேசினான். அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் பிறகு அவனாக எடுத்த முதல் அழைப்பு. சுகம் விசாரிப்பு இரண்டு வசனம். பின்னர் விடயம். கொட்டாஞ்சேனை ஸ்டானிஸ்லாஸ் தமது பழைய வால்வ் அம்ப்ளிஃபையரை விற்கப் போகிறாராம். கித்தார்காரர்கள் இப்போது அங்கே அதற்குத் தவம் கிடக்கிறார்களாம். நான் போய்ப் பார்க்க வேண்டும்.

"அண்ணை, நீங்கள் பிஸிக்ஸ் படிச்சனீங்கள். உங்களை விட்டா எனக்கு ஆர்?"

அம்மாவுக்கும் என்னை விட்டால் எவருமில்லை. இதை நான் சொல்லவில்லை.

அவன் பணித்தவை:
– ஸ்பீக்கர் கடதாசி கிழிந்திருக்கிறதா
– வால்வுகள் பழையவைதானா
– ட்ரான்ஸ்போமர் இரண்டும் ஆதியில் பூட்டியவையா. ஒன்றை மாற்றியிருந்தாலும் வேண்டாம்
– துடைக்கக் கூடாது

"தூசியும் ஒரிஜினல், அண்ணை."

மார்ச் 16, சனி

கொட்டாஞ்சேனை. பஸ்ஸில் நின்றே பயணம். கோவிலடியில் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள்.

ஸ்டானிஸ்லாஸ்: நந்தன் ஹோட்டல் நடனங்களுக்கு வாசித்துத் திரிந்த நாட்களில் அதே பாண்டில் மூத்த கித்தார்காரர். இப்போது விரல்கள் மடங்கவில்லை. அவுஸ்திரேலியாவுக்கு, மகளிடம் போகிறார்.

"வாங்க சார். தம்பி வரமாட்டான், அண்ணனத்தான் அனுப்புவான்னு தெரியும்."

"அவனுக்கு வேலை."

"அப்பவும் அவனுக்கு வேலதான். வாசிக்க முதல் ஆளா வருவான். சாமான் தூக்குற நேரம் மட்டும் ஆளக் காணோம்!"

அங்கே நான் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் சிரித்தேன்.

சாமான்: அறை மூலையில். சாம்பல் துணி போர்த்திய பெட்டி, விளிம்பில் சிகரெட் சுட்ட தழும்புகள். மேலே பழைய மின்விசிறி, பத்திரிகைக் கட்டு. சுவிட்சைப் போட்டும் சத்தமில்லை. "பொறுங்க சார். வால்வு சூடாகணும். நம்ம வயசு ஆளுங்க காலையில எழும்புற மாதிரித்தான்." பிறகு மடங்காத விரல்களால் ஒரே ஒரு சுரக்கூட்டை மீட்டினார்.

குறிப்பு: குறைந்த ஒலியில் தெளிவு. கூட்டினால் ஓசையின் ஓரம் மெல்லக் கரகரக்கிறது, உடையவில்லை. அடியில் சிறிய இரைச்சல், கொண்டென்சர் மாற்றினால் போகும். நல்ல பொருள். ஒத்துக்கொள்ள மனமில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேலால்: "ஸ்டானி அங்கிள், போற நேரத்துல ஆமியக் கூப்பிட்டு எங்களயும் உள்ள போடப் பாக்குறீங்களா? சத்தத்தக் கொறைங்க!"

பின்பலகை ஆணிகள் துருப்பிடித்திருந்தன. என்னிடம் உரிய திருப்புளி இல்லை. "வீட்டுக்குக் கொண்டு போய்த் திறங்க சார். புடிக்கலன்னா திருப்பித் தாங்க."

மார்ச் 17, ஞாயிறு

நந்தனிடம் சொன்னேன்: ஓசை சரி, உள்ளே இன்னும் பார்க்கவில்லை.

"ட்ரான்ஸ்போமர் சரியெண்டா நானே வாறன் அண்ணை. கப்பலிலை போட்டா உடைப்பாங்கள். ஏப்ரலிலை லீவு எடுக்கிறன்."

"நிலைமை?"

"அது பாத்துக்கொள்ளலாம்."

பாத்துக்கொள்ளலாம். போன வருடம் அம்மா வைத்தியசாலையில் கிடந்தபோது கொழும்பு ஆபத்தான நகரம். அவனுடைய பிள்ளைகள் பயந்தார்கள். விமான நிலையத்தில் பிடிப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் இளைய மகன். பொரளைக் கனத்தை மயானத்தில் ஐயர் "சின்னவர் எங்கே?" என்று இரு தடவை கேட்டார். நான் வைத்தேன். அதே நகரம், அதே விமான நிலையம், அதே பிள்ளைகள். ஒரு பெட்டிக்காக எல்லா ஆபத்தும் நீங்கிவிட்டது.

மார்ச் 18, திங்கள்

மனைவி சரோஜினிக்கு மகிழ்ச்சி. ஏப்ரலில்தான் அம்மாவின் ஆட்டத்திவசம், முதலாண்டு.

"எதுக்கு வந்தாலென்ன? வந்தா அவன்தானே பிண்டம் வைப்பான். மாமி கடைசி மட்டும் 'நந்தன் வந்திட்டானோ' எண்டுதானே கேட்டவ."

"அம்ப்ளிஃபையர் எடுக்க வருகிறவன் போகிற வழியில் பிண்டம் வைப்பதா?"

"ஓம். அப்பிடியெண்டாலும் வைக்கட்டுமன்."

கோபத்தோடு சாப்பிட்டேன். கீரையில் உப்பில்லை, அதையும் சொன்னேன்.

மார்ச் 23, சனி

ஓட்டோவில் கொண்டு வந்தேன். மழை வரும் போலிருந்து வரவில்லை. கொள்ளுப்பிட்டிக்கு இப்பால் மறித்தார்கள். இளம் சிப்பாய் துணியை விலக்கிப் பார்த்து, என்ன சாமான் என்று சிங்களத்தில் கேட்டான். கித்தாருக்கு என்றேன். "மகே மல்லிட்ட." என் தம்பிக்கு.

"மல்லி கோ?"

தம்பி எங்கே என்றால் இயக்கத்திலா என்று பொருள்படும் காலம். கனடாவில் என்றேன்.

"ஒக்கோம கனடாவே!" எல்லோருமே கனடாவில்தான் என்று சிரித்துப் போக விட்டான். அவன் சொன்னதில் பிழையில்லை. அதனால்தான் எரிச்சல்.

வீட்டில் ஆணிகளுக்கு எண்ணெய் விட்டுத் திறந்தேன். சரோஜினி விளக்குப் பிடித்தாள். தேங்கிய மின்சாரம் அடிக்கும் என்பதால் முதலில் அதை இறக்கினேன். ட்ரான்ஸ்போமர் இரண்டும் ஆதியில் பூட்டியவை. ஈயப்பற்று ஒருவர் கையும் படாதது. வால்வுகளில் அச்செழுத்து மங்கவில்லை. ஸ்பீக்கர் கடதாசி முழுசு. தூசி ஏராளம்.

"எல்லாம் சரிதானே?" என்றாள்.

"எல்லாம் சரி."

மறுநாளே ஐயரிடம் போய் நாள் குறிக்கலாம் என்று குசினிக்குள்ளிருந்து சொன்னாள். குரலில் ஒரு துள்ளல்.

மார்ச் 24, ஞாயிறு

நந்தன்.

"திறந்து பாத்தனீங்களோ?"

"பாத்தனான்."

"ட்ரான்ஸ்போமர்?"

"ஸ்பீக்கருக்குப் போறது மாத்தியிருக்கு. உள்ளூர் வேலை."

மறுமுனையில் மௌனம். அம்மா போய்விட்டா என்று நான் சொன்னபோது இருந்ததிலும் நீண்ட மௌனம்.

"சே. அப்ப விடுங்கோ அண்ணை. வேண்டாம்."

"அம்மாவின்ரை திவசம் வருது."

"இதுக்கெண்டுதானே லீவு கேட்டனான். இனி அடுத்த வருஷம் பாப்பம். நீங்களே செய்யுங்கோவன், உங்களுக்குத்தானே எல்லாம் தெரியும். ஐயருக்குக் காசு அனுப்பிறன்."

அனுப்ப வேண்டாம் என்று போனை வைத்தேன். நான் கேட்க விரும்பிய விடை கிடைத்தது. ஐயத்துக்கு இடமில்லாத விடை.

திரும்பினால் சரோஜினி வாசலில். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

மார்ச் 25, திங்கள்

ஸ்டானிஸ்லாஸ் கேட்ட விலையை நானே கொடுத்தேன். அவர் தலையில் நட்டம் ஏற்றுவது நியாயமல்ல. "தம்பி குடுத்து வெச்சவன் சார்" என்றார்.

இரவுச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுச் சரோஜினி முன்னதாகவே படுத்துவிட்டாள். பல் வலி கூடியிருக்கிறது.

மார்ச் 26, செவ்வாய்

காலைத் தேநீரை வைத்துவிட்டு நின்றாள். அம்ப்ளிஃபையரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நீங்கள் அவனைச் சோதிச்சியள். சரி, அவன் தோத்திட்டான். மாமி என்ன பிழை செய்தவ?"

தேநீர் ஆறியது. நடைபாதையை மறிக்கிறதென்று பெட்டியைச் சுவரோடு தள்ளினேன். நல்ல பாரம். ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் வரவில்லை.