இடது இறக்கையில் ஒரு சிவப்புப் பொட்டு

கடத்தூர்
ஞாயிறு சாயந்திரம்

என் கண்ணு பிரியதர்ஷினிக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் சௌக்கியம், கறவை மாடும் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க தினமும் சாமியைக் கேட்டுக்கொள்கிறேன். வீடியோவில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்பாய். போனில் சொன்னால் உங்கப்பா பக்கத்தில் நின்றுகொண்டு வரிக்கு வரி திருத்தம் போடுவார், என்னை முழுசாகச் சொல்ல விடமாட்டார். பச்சியப்பன் மாமா மகன் குமார் அடுத்த வாரம் கனடா கிளம்புகிறான், புளியும் இட்லிப்பொடியும் அவனிடம் கொடுக்கிறேன், அதோடு இதுவும் வரும். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்கப்பா இன்றைக்கு மறுபடி ரிமோட் பிளேன் விட்டார்!

கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் விட்ட பழைய பிளேன் தென்னை மரத்தில் மோதி நொறுங்கியது உனக்குத் தெரியும், அதற்கப்புறம் நடந்ததை நான் உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. கொஞ்சம் எட்டப் போனாலே அது எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியல பானு, இனிமே நமக்கு ஒத்து வராதுன்னு சொல்லிவிட்டு ரிமோட்டைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமையானால் ஏரிக்கு ஓடுகிற மனுஷன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தார். நீ காலேஜில் செய்து பாதியில் விட்டுப்போன பிளேனின் மரக்கூடு ஆணியில் தொங்குகிறதே, அதையும் யாருக்காவது கொடுத்துடு என்றார். இந்த மனுஷனைக் கட்டிலை விட்டு எழுப்பியே தீருவது என்று, அந்தக் கூட்டை இறக்கி, பிளேன் மேல் ஒட்ட நீ அனுப்பிய கலர் பிலிம் சுருளையெல்லாம் எடுத்து வெளியே வைத்தேன். அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அதற்கு நான் சட்டை போடுகிறேன், ஊருக்கே ஜாக்கெட் தைக்கிறவளுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்தேன்.

நான் முதலில் போட்ட டிசைனைப் பார்த்திருந்தால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய், இறக்கை ஓரமெல்லாம் ஜரிகை மாதிரி மெல்லிய கோடு, நடுவில் மாங்காய்க் கொத்து. உங்கப்பாவோ படுத்த இடத்திலிருந்தே சிவப்பு, முழுக்கச் சிவப்பு என்கிறார். சரி, சண்டை எதற்கு என்று எல்லாக் கலரையும் அட்டையில் ஒட்டி மூங்கிலில் கட்டி, மரவள்ளிக் காட்டுக் கடைசியில் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாளைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, அவரை வாசலில் நிற்கவைத்துக் கேட்டேன். என் மாங்காயும் ஜரிகையும் அழுக்கு அப்பின மாதிரி இருக்குதுன்னார். அவருடைய சிவப்பும் வானத்துக்கு எதிரில் வெறும் கறுப்பாகத்தான் தெரிந்தது, அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். பெரிய பெரிய பட்டை மட்டும்தான் கண்ணில் நின்றது. அதனால் மேல் பக்கம் முழுக்க மஞ்சள், நுனியில் மட்டும் நீலம், அடிப்பக்கம் கறுப்பும் வெள்ளையுமாக அகலப் பட்டை. மேலும் கீழும் வேறாக இருந்தால்தான் நிமிர்ந்து பறக்கிறதா கவிழ்ந்து போகிறதா என்று தெரியுமாம்.

ஒட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சேலைக்கு வைக்கிற சூட்டில் அயர்ன் பாக்ஸை வைத்தேன், முதல் துண்டு அப்பளமாகச் சுருண்டுவிட்டது. பிறகு சூட்டைக் குறைத்து, ஓரத்தை மட்டும் ஒட்டிக்கொண்டு, கடைசியில் கொஞ்சம் சூடு ஏற்றினால் தானே இழுத்துக்கொண்டு மொடமொடவென்று நிற்கிறது. கறுப்பின் மேல் வெள்ளையை ஒட்டினால் அடியில் இருப்பது தெரிகிறது, வெள்ளைச் சேலைக்குள் கறுப்பு உள்பாவாடை கட்டின கதைதான், அதனால் வெள்ளையை முதலில் ஒட்டிவிட்டு அதன் ஓரத்தின்மேல் கறுப்பை ஏற்றினேன். எங்கேயோ ஒரு குமிழி விழுந்து நான் ஊசியால் குத்தும்போது, அப்படியில்லடி, இங்க கொடு என்று பின்னாலிருந்து கை வந்தது. கட்டிலைப் பார்த்தேன், காலியாக இருந்தது. அதற்கப்புறம் அயர்ன் பாக்ஸ் என் கைக்குத் திரும்பி வரவே இல்லை.

பழைய பிளேனின் மோட்டாரை அவரே அதில் மாட்டி, ரிமோட்டையும் பரணிலிருந்து இறக்கினார், போன ஞாயிறு ஏரிக்கு எடுத்துப் போனோம். புது வண்டிக்குப் பூசை போடாம ஓட்டுவாங்களா என்றார், நானும் தேங்காய் உடைத்து, தட்டில் கற்பூரம் ஏற்றி மூக்கு, வால் என்று பக்தியோடு காட்டிக்கொண்டே இடது இறக்கைக்கு அடியில் போனேன். இத்தனை நாள் சூடு காட்டிக் காட்டியே அந்தப் பிலிமைச் சுருக்கின எங்கள் ரெண்டு பேருக்கும் அது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை பார். சர்ரென்று இழுத்து, வெள்ளைப் பட்டையில் ஓட்டை! அவர் முகம் சுருங்கிப்போய், விடு, நமக்கு அவ்வளவுதான் என்று தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். மறுபடி கட்டில்தான் என்று பயந்து அன்றைக்கே ஒட்டுப் போட உட்கார்ந்தேன், பார்த்தால் பெரிசாக மிச்சமிருந்தது யாரும் தொடாத சிவப்புச் சுருள்தான். மூலை இருந்தால் காற்றில் உரியும் என்று பால் ஊற்றுகிற தூக்குப்போசி மூடியை வைத்து வட்டமாக வெட்டி ஒட்டினேன். வெள்ளை மேல் அசல் பொட்டு மாதிரியே எடுப்பாக இருந்தது. அழகே போச்சு என்றார்.

இன்றைக்குக் காலையில் இழுக்காத குறையாகக் கூட்டிப் போனேன், கற்பூரம் எடுக்கவில்லை. பிளேன் ஏறி, எட்டப் போய், எங்களைப் பார்த்துத் திரும்பியது, எதிரில் வரும்போது இடம் வலம் மாறிப்போகுமாம், தென்னையில் மோதினதும் இப்படித் திரும்பும்போதுதான். அப்போது ஏரியே அதிரக் கத்தினார், பொட்டு தெரியுது பானு, பொட்டு இருக்கிற பக்கம்தான் எடது, எனக்குத் தெரியுதுடி என்று! அப்புறம் விட்டார் பார், வளைத்து வளைத்து, பேட்டரி தீர்கிற வரைக்கும். இறக்கும்போது மட்டும் தொப்பூர் மலை இறக்கத்தில் லோடு லாரி வருகிற மாதிரி பார்த்துப் பார்த்து இறக்கினார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான்.

நீ வேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று ராத்திரி வெறும் ரொட்டியோடு படுக்காதே, மாப்பிள்ளையையும் காதை மூடிக்கொண்டு வெளியே போகச் சொல். வரும்போது மஞ்சள் பிலிம் ஒரு சுருள் மறக்காமல் கொண்டு வா. ரெண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நீடூழி நல்லா இருக்க வேண்டும்.

உன் அம்மா,
பானுமதி

அப்பா எழுதுவது: சிவப்புதான் தெரியும்னு நான் முதல்லயே சொன்னேன், யார் கேட்டாங்க?