சமையலறைக் குழாய் இனிமேல் சொட்டாது

என்னங்க,

செருப்பைக் கழற்றும் முன்பே சமையலறைக் குழாயைத் திறந்து மூடிப் பாருங்கள். ஒரு சொட்டு விழாது! நானே வாஷர் மாற்றிவிட்டேன். "உன்னால ஆகாது, பிளம்பர் வரட்டும்" என்று நேற்று கத்தினீர்களே! வாஷர் விற்ற கடைக்காரரே மாட்டும் விதத்தைக் காட்டினார். பத்தே நிமிட வேலை. மூன்று வாரமாக "நாளைக்கு வரேன்" என்று சொல்லும் அந்தப் பிளம்பர் மகராசன் இன்று வந்து நின்றால், "நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்புங்கள்.

சாப்பாடு அடுப்பின்மேல் மூடி இருக்கிறது. ஆறு மணிக்கு வந்துவிடுவேன்.

பி.கு.: மேல்தொட்டி வால்வை மூட மறந்துதான் குழாயைக் கழற்றினேன். கூரை வரை தண்ணீர் பீய்ச்சியடித்தது! கைக்கு அகப்பட்ட உங்கள் நீலச் சட்டையைத்தான் ஓட்டையில் அடைத்தேன். வாளியில் ஊறுகிறது. துவைக்க ஆள் தேடாதீர்கள். உங்களால் ஆகும்.